கயிற்றின் கடைசி ஆள்

மாதா கோயில் திருவிழாவுக்கு ஊரில் விளையாட்டுப் போட்டி வைக்கத் தொடங்கி நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. போன வருஷம் வரைக்கும் பெண்களுக்கு இரண்டே போட்டிகள்தான். ஒன்று, வாயில் கரண்டியைக் கடித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தோடு நடப்பது. மற்றது, பாட்டு நின்றதும் ஓடிப்போய் நாற்காலியில் உட்காருவது. ஜெயித்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். ஆண்களுக்கோ கயிறு இழுக்கும் போட்டி. ஜெயித்த எட்டுப் பேரின் பெயரும் ஊர் மன்றத்துச் சுவரிலுள்ள நீலப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் ஏறும்.

ஹில்டா நாற்பது வயதுக்கு மேல் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவள். கற்றதை வாசித்துப் பழக அவளுக்குக் கிடைத்தது அந்தப் பலகைதான். முதல்முதலாகக் கூட்டி வாசித்த பெயர் மனுவேல், அவள் புருஷன். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பலகை முழுவதையும் வாசித்து முடித்த அன்றைக்குத்தான் உறைத்தது, அதில் ஒரு பொம்பளைப் பெயர்கூட இல்லையென்று.

இத்தனைக்கும் தினமும் கயிறு இழுப்பது பெண்கள்தான். ஆண்கள் விசைப்படகுக்கும் துறைமுகத்துக்கும் போன பிறகு, கரைவலையைக் கரைக்கு இழுக்கிற வேலை பெண்கள் கைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இதைத்தான் ஹில்டா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள்.

"தெனம் கயிறு இழுக்கது நாங்க. பலகைல பேரு மட்டும் உங்களுக்கா அண்ணாச்சி?"

மன்றத்துத் தலைவர் ஜேசுபாதம் தலையைச் சொறிந்தார். "சரி தங்கச்சி, இந்த வருஷம் வச்சிப் பாப்போம். ஆனா கூத்தாயிப் போச்சின்னா, அடுத்த வருஷம் பழையபடி கரண்டிதான்."

மன்றத்துக்கு எதிரே கடற்கரை மணலில்தான் போட்டி. எதிரணியாக உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள். வழுக்குகிற பாத்தியில் உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற கால்கள் அவர்களுடையவை. அணித்தலைவி சரண்யாதேவி கயிற்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"மீனு அள்ளுத கைக்கு இது தாங்குமாக்கா?"

"நீ மொதல்ல கால ஊனுளா. ஒன் உப்பு கரையுதா இல்லையான்னு பாப்போம்" என்றாள் ஹில்டா.

ஹில்டா கயிற்றின் கடைசி ஆள். அவளுக்கு முன்னால் மகள் அனுஜா. துறைமுகத்தில் மூட்டை இறக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மனுவேல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று இழுப்பில் இரண்டை ஜெயிக்க வேண்டும்.

விசில் ஒலித்தது. கயிறு விறைத்தது. ஹில்டா அணிதான் இழுத்தது. ஒரு எட்டு, இரண்டு எட்டு, நாலு எட்டு. இன்னும் ஒரு முழம் வந்தால் போதும். அப்போது ஹில்டாவின் குதிகால் பின்னாலிருந்த மணல் மேட்டில் பட்டது. அவள் கயிற்றை விட்டாள். விறுவிறுவென்று முன்னால் ஓடினாள். நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் கயிற்றை மறுபடி பிடித்தாள். எதிரே, மூக்குக்கு நேராகச் சரண்யாதேவி.

"என்னக்கா, எங்க கட்சில சேர வந்துட்டியளா?"

அதற்குள் மற்ற ஏழு பேரும் குப்புற விழுந்து இழுபட்டுப் போனார்கள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பன்னிரண்டு வருஷப் பழக்கம் அது. கரைவலை இழுக்கும்போது கடைசி ஆள் பின்னாலேயே நடந்து மேட்டை எட்டியதும் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரத்துக்கு ஓடி முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். அப்படி மாறி மாறித்தான் வலை கரையேறும்.

"எம்மா! எங்க போன நீ?" அனுஜா மணலைத் துப்பினாள்.

"நான் போவலளா. காலு போயிட்டு."

மனுவேல் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவள் மன்றத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சிரிப்பு நின்றது. இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வந்தார்.

"ஏளா, ஒண்ணு கேக்கேன். மடி வரும்போது எவளாவது கயித்த விட்டுட்டு ஓடுவாளா?"

மடி என்பது வலையின் நுனிப் பை. மீனெல்லாம் அதில்தான் இருக்கும்.

"விட்டா மீனு பூரா கடலுக்குல்லா போவும். நிக்க எடத்துலயே நின்னு இழுப்போம்."

"அப்பம் சரி. ஒன் காலு மேட்டுல பட்டதும் நான் சத்தம் குடுக்கேன். காத மட்டும் இங்கன வையி."

இரண்டாவது இழுப்பு. குதிகால் மேட்டில் பட்டது. விரல்கள் தானாகத் தளர்ந்தன.

"மடி வந்துட்டு! ஏளா, மடி வந்துட்டு!"

அவ்வளவுதான். எட்டுப் பேரும் நின்ற இடத்தில் ஊன்றினார்கள். சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி வந்துவிட்டது.

"வெளிய நின்னு கத்துதது செல்லுமா அண்ணாச்சி?" என்று சண்டைக்கு வந்தாள் சரண்யாதேவி.

"கத்தக் கூடாதுன்னு நோட்டீசுல போடலையே தாயி" என்றார் ஜேசுபாதம்.

"அப்பொ நாங்களும் கத்துவோம்!"

மூன்றாவது இழுப்புக்குச் சரண்யாதேவியின் புருஷன் மாசானம் ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து அடிக்க ஆரம்பித்தான். உப்பளத்துச் சனம் மொத்தமும் கூடக் கத்தியது. கயிறு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. அனுஜாவின் முதுகு ஈரமாகி நடுங்கியது. கடைசியில் ஒரு எட்டு வந்தது. இன்னொரு எட்டு. குதிகாலில் மேடு.

மனுவேலின் சத்தத்தைக் காணோம்.

ஹில்டா கண்ணைத் திருப்பினாள். அவர் வாய் திறந்து மூடியது. தொண்டை கட்டிப்போய்க் காற்றுத்தான் வந்தது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து, போன இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் இல்லாத கயிறு ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விடாதே என்பது போலத் தலையை ஆட்டினார்.

ஹில்டா விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்படியும் விடவில்லை.

சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி வந்தது. விசில் ஊதிய மறு நொடி எட்டுப் பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு முன்னால் ஓடினார்கள். மடி கரையேறினால் மீன் அள்ள அப்படித்தானே ஓட வேண்டும். ஓடிய வேகத்தில் மணலில் கிடந்த உப்பளத்துப் பெண்கள் மேல் போய் விழுந்தார்கள்.

"எந்திரிங்கக்கா, மூச்சு முட்டுது. நாங்க என்ன மீனா?" என்று அடியிலிருந்து சிரித்தாள் சரண்யாதேவி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜேசுபாதம் பிரஷ்ஷோடு பலகை முன்னால் நின்றார். "அணித்தலைவி பேரு மேல வரணும். சொல்லு, மனுவேல் ஹில்டான்னு போடவா?"

"கயித்த அவரா இழுத்தாரு?"

"நானும் இழுத்தேம்லா" என்றார் மனுவேல், இன்னும் சரியாகாத தொண்டையில்.

ஹில்டா அவரைப் பார்த்தாள். பலகையில் அவர் பெயர் ஏற்கெனவே இருக்கிற வரியைக் காட்டினாள். "நீரு அங்கன இருக்கேருல்லா, போதும். ஹில்டான்னு மட்டும் போடுங்க அண்ணாச்சி. கயித்துல நின்ன வரிசைப்படியே எழுதுங்க. நான் கடைசி."

எட்டுப் பெயரும் ஏறின. கடைசிப் பெயரை அவள் எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பெயிண்ட் காயும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மனுவேல் பக்கத்தில் வந்து நின்றார். "ஏளா, இங்கனயே நின்னு பாத்துக்கோ. ஆளு இல்லாத நேரமாப் பாத்து ஒன் பேரு எந்திரிச்சி முன்னால ஓடிரப் போவுது."