கண் வைக்காத படம்

என் தங்கை புருஷனுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் லேமினேட் பண்ணிவிடுவார். பல் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக்கூட விட்டதில்லை. நல்ல மனுஷன்தான், அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் வாயாரத் திட்டிவிட்டுப் போகலாம்.

அப்பா கடைப் பலகைகளுக்குப் படம் வரைந்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபின் பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை: "இன்னும்." பசித்தாலும் இன்னும், போதும் என்றாலும் இன்னும். முகத்தைப் பார்த்துத்தான் பொருள் பிடிக்க வேண்டும். இடது கையில் பென்சில் பிடிக்கப் பழகி, அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து அவள் முகத்தை வரைய ஆரம்பித்தார். "கல்யாணமான புதுசுல கூட இப்படிப் பாத்ததில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா அசையாமல் இருப்பாள். ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் வந்துவிட்டன. கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார்.

படங்களுக்குச் சட்டம் போடுவது என் பிழைப்பு. அமிலம் இல்லாத அட்டை வாங்கி, நடுவே படம் தெரிய ஜன்னல்போல வெட்டித் தயாராக வைத்திருந்தேன். தாளின் மேல் விளிம்பை மட்டும் மெல்லிய காகிதத் துண்டுகளால், மாவுப் பசை தடவிப் பிடிக்க வேண்டும். ஈரத்துக்கு விரியவும் வெயிலுக்குச் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும். கண்ணாடி அதைத் தொடவே கூடாது. வேண்டும்போது சேதமில்லாமல் கழற்றிவிடலாம். அப்பா கண் வரைந்து முடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

நேற்று கடையிலிருந்து வந்தால், அப்பாவின் படுக்கைமேல் படம் பளபளவென்று கிடக்கிறது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்.

"எப்படிக்கா?" என்றார் மாப்பிள்ளை, பல்லெல்லாம் தெரிய. "இனி தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது!"

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"மாமாவைத்தான். முடிஞ்சுதா மாமா, எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். 'இன்னும்'னாரு. இன்னும் என்ன யோசனை, எடுத்துட்டுப் போங்கறாருன்னு..."

"இன்னும் முடியலன்னு சொல்லியிருக்காருங்க!"

"அவ்வளவுதானே? பிரிச்சுடறேன்" என்று ஓரத்தை நகத்தால் கீறினார்.

பாய்ந்து பிடுங்கினேன். "சூடு வச்சு ஒட்டினது. பிரிச்சா அம்மா மூஞ்சியும் சேந்து உரிஞ்சு வந்துடும். தெரியாத வேலையில ஏன் கை வைக்கிறீங்க?"

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "மாப்பிள்ளை ஆசையாப் பண்ணியிருக்காரு. வாயை மூடுடி."

மாப்பிள்ளையாம்! அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எங்கள் வீட்டில் எத்தனை அநியாயம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

அப்பா இடது கையை நீட்டினார். படத்தைக் கொடுத்தேன். தலையணைக்கு அடியிலிருந்து பென்சிலை எடுத்தார். உடனே அம்மா, பழக்கதோஷத்தில், நாற்காலிக்குப் போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண் வரவேண்டிய இடத்தில் பென்சிலை வைத்தார். வழுக்கியது. அழுத்தினார். மறுபடியும் வழுக்கியது. பிளாஸ்டிக்கின் மேல் ஒரு கோடுகூட விழவில்லை.

"இன்னும்" என்றார், மாப்பிள்ளையைப் பார்த்து. "இன்னும்... இன்னும்..." குரல் உடைந்துவிட்டது.

"வேற தாள் வாங்கியாந்துடறேன் மாமா" என்றார் அந்தப் புண்ணியவான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து வந்தாள். முடியட்டும் என்று அதுவரை அவள் படத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாப்ளே, ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது என் மூஞ்சியைப் பாத்தீங்களா? இதுல கண்ணே இல்லையே!"

இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையை அம்மா எதிர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.