பெயர் தங்காத கரப்பான்

சனிக்கிழமை பெண் என்று லொரீன் ஹஃப்மன் எழுதிக் கொடுத்த கரப்பான் திங்கட்கிழமை ஆணாக இருந்தது. கழுத்துக் கவசத்தின் மேல் இரண்டு புடைப்புகள் எழுந்திருந்தன. உணர்கொம்புகளில் அடர்ந்த மயிர் வளர்ந்திருந்தது. வயிற்றின் கடைசித் தகடு, ஆணுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படிச் சிறுத்திருந்தது. ஏரிக்கரை ஊரான சண்டஸ்கியில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. லொரீனுக்குக் கண் மங்கிவிட்டது என்றார்கள். அவளைச் சுட்டது அதுதான்.

ஏரிக்கரைப் பூச்சி வளர்ப்போர் சங்கம் மாதத்தின் முதல் சனிக்கிழமை லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் கூடும். சங்கத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டில் இனத்தின் பெயர், அதன்பின் புள்ளி வைத்து மூன்று எண்கள். முதல் எண் ஆண், இரண்டாவது பெண், மூன்றாவது இன்னும் தெரியாதவை. பெட்டியைத் திறக்கும்முன் சீட்டை உரக்கப் படிப்பது வழக்கம். சீட்டைப் படிக்காமல் எந்தப் பூச்சியையும் அங்கே யாரும் பார்த்ததில்லை. லொரீன் பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பெயர் வைப்பதும் ஆண் பெண் பிரிப்பதும் அவள் வேலை. ஈர விரலால் பூச்சியை எடுத்து, மல்லாத்தி, லென்ஸை ஒருமுறை வைப்பாள், சொல்லிவிடுவாள். நேற்றுப் பிறந்த குஞ்சுகளுக்கு மட்டும் மூன்றாம் எண்ணை அனுமதித்தாள். வளர்ந்த பூச்சிக்கு யாராவது அதை எழுதினால், அது சோம்பேறிகளின் எண் என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துப் போடுவாள்.

சட்டமும் அவள் எழுதியதுதான். முன்பு யாரோ சீட்டில்லாமல் கொண்டுவந்த சின்ன, வேகமான இனம் ஒன்று தேவாலயச் சுவருக்குள் போய், ஈஸ்டர் காலை விருந்தில் பன்றித் தொடையின் மேல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் சங்கத்துக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மறுபடி திறந்தபோது லொரீன் சட்டத்தை எழுதினாள். பெயர் நிலைக்காத பூச்சி சங்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் அது சமையலறை ஃபிரீசருக்குப் போகும். சில தடவை போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவளே கொண்டுபோய் வைத்தாள், குழாயை மூடுகிற மாதிரி.

கரப்பானின் சொந்தக்காரன் எல்வுட் டாக்கெட். படகு இன்ஜின்கள் பழுது பார்ப்பவன். வீட்டு ஹீட்டரைச் சரிசெய்ய வந்தவனோடு அவன் மனைவி அரிசோனாவுக்குப் போய்விட்டாள். ஹீட்டர் அதன்பிறகு ஒருநாள்கூடத் தகராறு செய்யவில்லை. அந்த வசந்தத்தில், யாரோ வீட்டு வாசலில் பரப்பி விற்ற பழைய சாமான்களிலிருந்து ரொட்டி சுடும் அடுப்பு ஒன்று வாங்கி வந்தான். அதற்குள் இது இருந்தது. கட்டைவிரல் பருமன், தேன்பழுப்பு நிறம். ஊறுகாய் ஜாடியில் போட்டுச் சமையலறை மேசையில் வைத்தான். மறுநாள் வேலை முடிந்து வந்து, பழக்க தோஷத்தில், நான் வந்துட்டேன் என்றான். ஜாடிக்குள் இரண்டு உணர்கொம்புகள் எழுந்து அவன் பக்கம் திரும்பின. அதன்பிறகு தினமும் சொன்னான். தினமும் எழுந்தன. தன் வீட்டில் தன் குரலுக்கு அசைகிற ஒன்று அதுதான் என்று லொரீனிடம் சொன்னான். அதற்குச் சரியான தீனி போட வேண்டும், அதன் ஆயுள் முடிவதற்குள் ஒரு ஜோடி தேடித்தர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. இரண்டுக்கும் பெயர் தெரிய வேண்டும், ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும்.

லொரீன் சீட்டில், சீறும் கரப்பான், பெண் என்று எழுதினாள். மூன்றாம் நாள் காலை தொலைபேசி அடித்தது.

"லொரீன், கோவிச்சுக்காதீங்க. கொம்பு முளைச்சிருக்கு."

"பொண்ணுக்குக் கொம்பு முளைக்காது எல்வுட்."

"அதத்தான் நானும் அதுகிட்ட சொன்னேன்."

அவள் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஆண். தன் சீட்டைத் தானே கிழித்துவிட்டு ஆண் என்று எழுதினாள். எல்வுட் சங்கத் தலைவன் ரஸ் பிலார்ஸ்கியிடம் ஒரு பெண் கரப்பானை இரவல் வாங்கி ஜாடியில் விட்டான். இரண்டு நாளில் ஜாடியில் இரண்டும் பெண்ணாக இருந்தன. ரஸ் தூண்டில் புழு விற்கிறவன். தன்னுடையது நேற்றுவரை அதுவாகவே இருந்தது, இன்றும் அதுவாகவே இருக்கிறது என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். லொரீன் மறுபடி பெண் என்று எழுதினாள். அது இந்தத் தடவை ஆணாகவில்லை. சிறகு முளைத்து வேறு இனமாயிற்று.

இப்படியே மூன்று ஆண்டுகள் போயின. அவள் எழுதுவது எதுவோ அதை அது மூன்று நாளுக்குள் மறுத்தது. மண்டையோட்டுக் கரப்பான் என்று எழுதினால் முதுகில் இருந்த மண்டையோடு அழிந்து பச்சை ஏறியது. பச்சைக் கரப்பான் என்றால் பச்சை வடிந்து வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மண் தோண்டும் இனம் என்று எழுதிய வாரம் பறந்துபோய்த் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவை லொரீன் தந்திரம் செய்தாள். பெண் ஆகட்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு ஆண் என்று எழுதினாள். அந்த வாரம் முழுக்க அது இடப்பாதி ஆணாகவும் வலப்பாதி பெண்ணாகவும் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் சிறகு இருந்ததால் வட்டமாகவே நடந்தது. வேறு மாநிலத்து அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் மீன் பிடிக்க வந்திருந்தார். அதைப் பார்த்துத் தயங்காமல் ஒரு பெயர் சொன்னார், படம் எடுத்தார், கிளம்பிப் போனார். பின்னர் அவர் அனுப்பிய படத்தில் அது வேறு ஒன்றாக இருந்தது. படத்தில் அவருடைய கட்டைவிரலும் தெரிந்தது, அது மாறவில்லை.

லொரீனுக்குத் தூக்கம் கெட்டது. சந்தையில் முட்டைக்கோஸை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். தொலைபேசி அடித்தால் நாய் அவளுக்கு முன்பே பெருமூச்சு விட்டது. எல்வுட் திட்டும்படி நடந்துகொள்கிறவனாக இருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டான், டோனட் வாங்கி வந்தான். ஜாடிக்கு மார்கழிக் குளிரில் கம்பளி சுற்றினான். ஜோடி கிடைக்குமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டான். ஆயுள் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இனத்தின் ஆயுள் என்றுதான் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தேவாலயத்துச் சபையாரும், பெயர் இல்லாதது ஏதோ நிலவறைக்கு வந்துபோகிறதாமே என்று விசாரித்தார்கள். ஈஸ்டர் பன்றித் தொடையை யாரும் மறந்திருக்கவில்லை. மூன்று ஆண்டு முடிந்த கோடையில் ரஸ் முடிவாகச் சொன்னான். செப்டம்பர் கூட்டத்தில் எழுதும் பெயர் அக்டோபர் கூட்டம்வரை நிலைக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிரீசர். எல்வுட் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டு ஜாடியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான்.

செப்டம்பரில் லொரீன் ஒரு மணி நேரம் பார்த்தாள். மண்டையோட்டுக் கரப்பான், 1.0.0 என்று எழுதினாள். அக்டோபரில் நிலவறையில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, சீட்டை உரக்கப் படித்து மூடியைத் திறந்தாள். உள்ளே வெளிறிய மஞ்சளில் ஒரு பெண் கரப்பான் உட்கார்ந்து கால் தடவிக்கொண்டிருந்தது.

"டீச்சர்," என்றான் ரஸ். "நீ எழுதின சட்டம்."

"தெரியும். எனக்கே வாசிச்சுக் காட்டாத."

அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். எல்வுட் பின்னால் வந்து கதவருகே நின்றான். ஃபிரீசரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் ஐஸ்கிரீமும், யாரோ ஏரியில் பிடித்துக் கொடுத்த மீனும் இருந்தன. அதன் கீழ்த்தட்டு சங்கத்துக்கு. அங்கே போகிற பிளாஸ்டிக் பைக்கும் சீட்டு உண்டு. செத்தது எது என்று எழுதாமல் லொரீன் எதையும் உள்ளே வைத்ததில்லை. அவள் பேனாவைத் திறந்தாள். விரலை நனைத்துக் கரப்பானை எடுத்து மல்லாத்தினாள். லென்ஸை வைத்தாள்.

வயிற்றில் தகடுகள் நகர்ந்துகொண்டிருந்தன. மேசையில் சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி அகன்றன, சிறுத்தன, ஒன்றன்கீழ் ஒன்று போயின. பேனாவின் முனை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அவை கிளம்பத் தயாராக இருந்தன. அவள் பேனாவை நிமிர்த்தினாள். அவை நின்றன. சாய்த்தாள். கிளம்பின.

"எல்வுட், இது என்ன?"

"தெரியாதுங்க. அதக் கேட்டுத்தான் மூணு வருஷமா உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

"குளிருமேன்னு இதுக்குத் துணி சுத்திக் கொண்டாந்திருக்கீங்க. ஃபிரீசருக்கு."

"வழியில குளிருச்சு," என்றான் எல்வுட்.

லொரீன் ஃபிரீசர் கதவைப் படாரென்று சாத்தினாள். கரப்பானை ஜாடியில் விட்டு, பையை ஓரமாக வைத்தாள். புதிய சீட்டு ஒன்றை எடுத்தாள். அதில் பெயருக்கு உரிய இடத்தில் தெரியாது என்று எழுதினாள். அதன் பக்கத்தில், வளர்ந்த பூச்சிக்குத் தன் வாழ்நாளில் எழுதியிராத எண்ணை எழுதினாள். 0.0.1. ஜாடியில் அழுத்தி ஒட்டினாள். பின் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜாடிக்கு எதிரே உட்கார்ந்து, வேகமாகக் கார் ஓட்டி அபராதச் சீட்டு வாங்கியவள் போலீஸ்காரனைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள்.

"இப்ப மறுத்துப் பேசு பாக்கலாம்," என்றாள்.

கரப்பான் உணர்கொம்புகளைத் தூக்கியது. இறக்கியது. மஞ்சள் கொஞ்சம் கறுத்தது, மறுபடி வெளிறியது. மறுக்க வேண்டுமானால் அது ஏதாவது ஒன்றாக வேண்டும். ஒன்றாகிவிட்டால் யாருக்கும் தெரிந்துவிடும், தெரிந்த அந்தப் பெயரையும் அது மறுத்தாக வேண்டும். வெளியே காபி தீர்ந்தது, டோனட் தீர்ந்தது. ரஸ் வந்து எட்டிப் பார்த்தான்.

"தெரியாதுங்கிறது ஒரு பேரா?"

"இதுக்கு அதான் பேர். ஒரு மாசம் நிக்குதா இல்லியான்னு பாரு. நிக்கலேன்னா நானும் சேர்ந்தே உள்ள போறேன்."

ரஸ் ஃபிரீசரைப் பார்த்தான், லொரீனின் அகலத்தைப் பார்த்தான், திரும்பிப் போனான்.

நவம்பரில் சீட்டைப் படித்துத் திறந்தார்கள். சீட்டு சொன்னபடியே இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள், தெரியவில்லை என்றார்கள். ரஸ்ஸும் பார்த்து, தெரியவில்லை என்றான். பெயர் நிலைத்ததாகத் தீர்மானம் ஆயிற்று. டிசம்பரிலும் நிலைத்தது. ஏரி உறைந்து, படகுகள் கரையேறி, எல்வுட்டுக்கு வேலை குறைந்தது. அவன் பகலெல்லாம் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். ஜோடி என்று யாரையும் ஜாடிக்குள் விடவில்லை. மார்ச்சில் ஒரு காலை லொரீனின் தொலைபேசி அடித்தது. நாய் பெருமூச்சு விட்டது.

"லொரீன், கோவிச்சுக்காதீங்க. குட்டி போட்டிருக்கு."

"யாரு?"

"அதுதான். தனியாத்தான் இருந்துச்சு. நிறைய இருக்கு. இது அப்பாவா, அம்மாவா?"

அவள் ரிசீவரைக் கொஞ்ச நேரம் நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்வுட், போன வைங்க. கேரட் சீவிப் போடுங்க."

ஜாடி போய்த் தொட்டி வந்தது. 0.0.1 கோடையில் 0.0.30 ஆயிற்று, மறு ஆண்டு நூறைத் தாண்டிற்று. குஞ்சுகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை, எதைப்போலவும் இல்லை. சங்கத்தின் சந்தை நாளில் அவை சீறும் கரப்பானின் விலைக்கே போகின்றன. வாங்குகிறவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்டால் ரஸ் கையை விரித்துப் பக்கத்து மேசையைக் காட்டுவான். அங்கே லொரீன் நிமிர்ந்து பார்ப்பாள், அவர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. மற்ற நாள்களில் எல்வுட் வேலை முடிந்து கதவைத் திறந்து நான் வந்துட்டேன் என்கிறபோது, தொட்டி முழுக்க உணர்கொம்புகள் எழுந்து கதவுப் பக்கம் திரும்பும். லொரீன் மாதம் ஒருமுறை போய்ச் சீட்டில் மூன்றாம் எண்ணைத் திருத்திவிட்டு வருகிறாள். லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். அங்கே எந்தப் பூச்சியையும் மல்லாத்துவதில்லை.