தொட்ட அடி

திரையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, மேலும் கீழும் கத்தியால் வழித்துவிட்ட மாதிரி ஒரே மட்டத்தில் ஒலிப்பதிவின் அலை ஒரு பச்சைப் பட்டையாக ஓடியது, பிலோமினா அதைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், ஒரு நொடியை மேசை அகலத்துக்கு இழுத்து விரித்துப் பார்த்தாள், ஒவ்வொரு அலையும் ஏறிவந்து உச்சியைத் தொட வேண்டிய இடத்தில் தலை சீவப்பட்டுத் தட்டையாக நின்றது, இது சவரி மதினியின் கை, இடது கையில் பிடிக்கிற நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி பறையின் தோலில் விழுகிற இடம் இது, வலது கையின் தடித்த அடிக்குச்சி எந்த உயரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதோ அதே உயரத்தில்தான் இதுவும் வெட்டுப்பட்டிருக்கிறது, பெரியது சின்னது எல்லாம் ஒன்று, எல்லாம் கத்தல். திண்டுக்கல்லில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் பதினோரு வருடமாகக் காது சோதிக்கிற வேலை அவளுக்கு, கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டா கையத் தூக்குங்க என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மனிதருக்கும் எவ்வளவு சின்னச் சத்தம் வரைக்கும் கேட்கிறது என்று அளந்து எழுதுகிறவள், மெல்லிய சத்தத்தின் அருமை தெரிந்தவள், அவளுக்கு இந்தப் பட்டையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆவணி மாதம், சென்னையில் அந்த ஒலிப்பதிவுக்கூடம், பறைக்குழுவின் ஆறு பெண்களும் காலை ஏழு மணிக்கே போய் வெளிநடையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிலோமினா ஆறாவது ஆள், அவளுடைய அண்ணன் பெண்டாட்டி சவரியம்மாள்தான் குழுவுக்குத் தலைவி, பதினோரு மணி வரைக்கும் யாரும் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, அவர்களுக்கு முன்னால் உள்ளே போன வயலின்காரருக்கு மட்டும் தட்டில் வைத்துக் காபி போகிறது. பறைக்குத் தோல் காய வேண்டும், சூடு ஏறினால்தான் அது பேசும், கட்டடத்துக்குள் நெருப்பு கூடாது என்றதும் வண்டி நிறுத்துகிற இடத்தில் பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்சுகிறார்கள், காவல்காரர் வந்து, யாரக் கேட்டும்மா இங்க கொளுத்துறீங்க என்று கத்துகிறார், அப்புறம் உள்ளே போய், ஐந்தாவது உருப்படியைச் சவரி தனியாகத்தான் தொடங்குகிறாள், சிண்டுக்குச்சி மட்டும், கோழி ஒன்று காய்ந்த சட்டியில் ஒட்டிய பருக்கையைக் கொத்துகிற மாதிரி அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கவனமாக, மற்ற ஐந்து பேரும் மூச்சை அடக்கி நிற்கிறார்கள், கடைசியில்தான் பெரிய குச்சி இறங்கும், அது இறங்கும்போது அடிவயிற்றில் விழும். நல்லாருக்கும்மா, ஆனா அதிரவே மாட்டேங்குதே என்றார் இசைத்தொகுப்புக் கம்பெனி நடத்துகிற பிரதீபன், அதிர்றது பின்னாடி வரும் சார், மொதல்ல ஆளோட காதக் கிட்டக் கொண்டாரணும்ல என்றாள் சவரி, அவர் சிரித்தார், அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எட்டாம் மாதம் தொகுப்பு வந்தது, சவரியின் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டார்கள், ஐந்தாவது உருப்படி முதல் நொடியிலேயே வெடித்தது, கோழியும் இல்லை சட்டியும் இல்லை, கொத்து ஒவ்வொன்றும் சம்மட்டி, பெரிய குச்சி இறங்குகிற இடத்தில் இறங்குவதற்கு இடமே மிச்சமில்லாமல் கரகரவென்று ஒரு கிழிசல், தெருவில் பிள்ளைகள் ஆடின, பக்கத்து வீட்டில் சூப்பர் என்றார்கள், சவரி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதுல நான் எங்க இருக்கேன் பிலோ, அடிச்சது நானு, கத்துறது வேற யாரோல்ல என்றாள். பிலோமினா அன்றைக்கே போன் போட்டாள், ஒலியின் அளவை இழுத்து இழுத்துக் கூரையில் முட்டவைத்து, முட்டின தலையெல்லாம் வெட்டியிருக்கிறீர்கள், ஏன் சார் என்று கேட்டாள், பறைன்னா சத்தம்தானேம்மா என்றார் பிரதீபன், மெதுவா அடிச்சா எவன் கேப்பான், அடுத்த பாட்டுக்குத் தாவிருவான், நாங்களே எங்க இன்ஜினியர்கிட்ட மூணு தடவ திருப்பி அனுப்பிச்சு இன்னும் ஏத்து இன்னும் ஏத்துன்னு ஏத்த வச்சோம் என்று பெருமையாக வேறு சொன்னார். அதே கம்பெனியின் வயலின் தொகுப்பையும் அவள் வாங்கித் திரையில் விரித்துப் பார்த்திருந்தாள், அங்கே மலை இருந்தது, பள்ளத்தாக்கு இருந்தது, வில்லின் மயிர் தந்தியில் உரசுவதுகூடக் கேட்டது, ஒரு தலைகூட வெட்டுப்படவில்லை, அதுக்கு மட்டும் ஏன் சார் ஏத்தல என்று கேட்டாள், அது கேக்குற மியூசிக்கும்மா, இது ஆடுற மியூசிக் என்றார், ஆடுறவனுக்குக் காது இல்லையா என்று அவள் வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது, அந்தக் கேள்வி மூன்று வருடம் அவள் தொண்டையிலேயே கிடந்தது.

போன தை மாதம் நூல்மில்லில் சவரியின் இடது கை போனது, முழுக்கை இல்லை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும், ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தாமலே பஞ்சைத் துடை என்று கண்காணி சொல்லியிருக்கிறான், நிறுத்தினால் உற்பத்தி குறையுமாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சவரி அழவில்லை, சிண்டுக்குச்சி நிக்காதுல்ல என்று மட்டும் கேட்டாள், பிலோமினா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தாள், அப்படியானால் மதினியின் கை இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரே ஒரு ஒலிப்பதிவில்தான், அதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மறுபடியும் பிரதீபனைக் கூப்பிட்டாள், ஏற்றாத மூலப்பதிவு இருக்குமே, அதை மட்டும் கொடுங்கள் என்றாள், அதா, இடம் பத்தலன்னு அழிச்சிட்டாங்களேம்மா, வேணும்னா வாங்க, ஒரு நாள் ஸ்டுடியோ தர்றேன், மறுபடி வாசிங்க என்றார், மறுபடி எந்தக் கையால சார் என்று கேட்டாள், அவருக்குப் புரியவில்லை, புரியவைக்க அவளுக்கும் விருப்பமில்லை.

அதற்கப்புறம்தான் வெட்டுப்பட்ட ஒலியைச் சரிசெய்கிற இந்த மென்பொருள், கிளினிக்கில் மதிய இடைவேளை ஒரு மணி நேரம், சோற்றை ஓரமாக வைத்துவிட்டு அவள் கற்றுக்கொண்டாள், முதலில் மொத்த ஒலியையும் தாழ்த்த வேண்டும், சீவிய தலை மறுபடி முளைக்க மேலே இடம் வேண்டுமல்லவா, பிறகு எந்த மட்டத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்க வேண்டும், வெட்டுக்கு இந்தப் பக்கம் அலை எப்படி ஏறிவந்தது, அந்தப் பக்கம் எப்படி இறங்கிப்போனது என்று பார்த்து, நடுவில் உச்சி இப்படித்தான் இருந்திருக்கும் என்று அது ஊகித்து வரையும். மட்டத்தைத் தப்பாகக் கொடுத்தபோது பறை ஈரச்சாக்கைத் தட்டின மாதிரி செத்தது, இன்னொரு முறை எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிந்தது, மூன்று வாரம் போராடி ஒரு நாள் மதியம் அந்தக் கிழிசல் அடங்கியது, பெரிய குச்சி இறங்கியது, அவளுடைய அடிவயிற்றில் விழுந்தது, பிலோமினா சாப்பிடாமலே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது, டாக்டரிடம் சாவி வாங்கிச் சவரியைக் கூட்டிவந்து ஹெட்போனை மாட்டினாள், சவரி கண்ணை மூடிக் கேட்டாள், முகம் இளகியது, அப்புறம் இறுகியது, வெட்டின தலை எங்க இருந்துச்சு, எப்படித் திரும்பக் கெடச்சுச்சு என்று கேட்டாள், பிலோமினாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை, கெடைக்கல மதினி, இப்பிடி இருந்திருக்கும்னு அது நெனச்சுப் போடுது என்றாள். சவரி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள், ஒரு மெஷினு எங்கிட்ட வெரல எடுத்துருச்சு, இன்னொரு மெஷினு என் அடிய எனக்கே செஞ்சு குடுக்குதாக்கும், நான் அடிச்சதக் கேட்டா நான் அடிச்ச மாதிரி ஒண்ணக் குடுக்குறியே பிலோ, அவனுக்கும் ஒனக்கும் என்னடி வித்தியாசம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தாள், பிலோமினா பின்னாலேயே ஓடி, நில்லுங்க மதினி, நில்லுங்க என்று கூப்பிட்டும் திரும்பவில்லை, அந்த வாரம் முழுக்கப் பேச்சில்லை, அவனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம் என்ற வார்த்தையைக் காதில் சுமந்துகொண்டே பிலோமினா ஊராரின் காதுகளை அளந்தாள், கோபம் இப்போது பிரதீபன்மேலா, மென்பொருள்மேலா, தன்மேலேயா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சவரியே பிலோமினாவின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள், அந்தச் சனியன எடு என்றாள், ஆறு நாளா மண்டைக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு, நடுவுல ஒரு எடத்துல தப்பாப் போட்டுருக்கு ஒன் மெஷினு, நான் அங்க அடிக்கவே இல்ல, தொட்டேன், தொட்டதுக்கும் அடிச்சதுக்கும் வித்தியாசம் அதுக்கு என்ன தெரியும். மறுபடியும் சாவி வாங்கிக் கிளினிக்குக்குப் போனார்கள், சவரி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள், தப்பு வர்ற எடத்துல கையத் தூக்குங்க மதினி என்றாள் பிலோமினா, ஓடவிட்டாள், மூன்று விரல் கை உயர்ந்தது, நிறுத்தினாள், கூட்டவா கொறைக்கவா, கொற, இன்னும் கொற, ஆங், அதான், அடுத்தது, இங்க குச்சி லேசா வழுக்கிருச்சு, அந்த வழுக்கல எதுக்கு அமுக்குற, அதுவும் என்னுதுதான், அப்படியே இருக்கட்டும். நாலு ஞாயிறு ஆயிற்று, இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் கை உயர்ந்தது, மென்பொருள் ஊகித்ததை ஒவ்வொன்றாக அடித்தவளே நின்று திருத்தினாள், கடைசி ஞாயிறு முழுதாகப் போட்டபோது கை ஒரு இடத்திலும் உயரவில்லை, மடியில் அந்த மூன்று விரலும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற பிலோமினா அதைப் பார்த்தாள், அவள் அளந்ததிலேயே மிகச் சின்ன அசைவு அது.

பிரதீபனுக்கு அனுப்பினாள், இணையத்தில் கிடக்கிற பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், இல்லையென்றால் வயலின் பட்டையையும் பறைப் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து நாங்களே போடுவோம் என்றும் எழுதினாள், இரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார், சவரி பக்கத்தில் இருந்ததால் பிலோமினா ஸ்பீக்கரில் போட்டாள். பிரமாதம்மா, எங்க இன்ஜினியரே அசந்துட்டாரு, கண்டிப்பா மாத்திருவோம், ஒண்ணே ஒண்ணு, மத்த பாட்டுங்களுக்கு நடுவுல வரும்போது இது கொஞ்சம் கம்மியாத் தெரியுது, சத்தத்த மட்டும் லேசா ஏத்திக் குடுத்துருங்களேன் என்றார். அடுத்த வாரம் அவர் ஒரு மயிரிழைகூட மாற்றாமல்தான் போட்டார், பிலோமினா திரையில் விரித்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்து உறுதிசெய்துகொண்டாள், ஆனால் அது அடுத்த வாரம், இப்போது, தொண்டையில் மூன்று வருடம் கிடந்ததை அவள் எடுப்பதற்குள், சவரி போனை அவள் கையிலிருந்து வாங்கினாள், குரலைத் துளியும் உயர்த்தவில்லை, சார், ஒங்க போனுல ஓரமா ஒரு பொத்தான் இருக்கும் பாருங்க, சத்தம் கூட்டுறதுக்கு, ஒங்க வெரலு நல்லாத்தான இருக்கு, அமுக்கிக்கங்க என்றாள்.