வழவழப்பான வண்டி

வீட்டை ஒட்டியிருந்த ஷெட்டை டெய்லரம்மாவுக்காகத்தான் கட்டினார்கள். இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, இடது பக்கத்திலிருந்து விழும் ஜன்னல் வெளிச்சம் என்று எல்லாம் யோசித்துத்தான் சுவர் எழும்பியது. தரை காய்ந்ததோ இல்லையோ, அவளுடைய வீட்டுக்காரர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். பின்பக்கம் பால் கேன் மாட்டிய கொக்கிகூட அதில் அப்படியே இருந்தது.

"கொஞ்ச நாள்தான். புதுசாக்கி வெளிய எடுத்துடறேன்" என்றார்.

அந்தக் கொஞ்ச நாளில் எதிர்வீட்டுக் குழந்தை தவழ்ந்து, நடந்து, பேசக் கற்றுக்கொண்டு, இப்போது முதுகில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. வண்டி மட்டும் ஷெட்டிலேயே இருந்தது.

டெய்லரம்மா படுக்கையறையில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தைத்தாள். கட்டில் மேலேயே துணி வெட்டினாள். அவளிடம் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் வருகிற காஜா அக்கா, பாத்ரூமுக்குப் போகிற நடையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். யாராவது அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அவள் ஊசியோடு எழுந்து வழிவிட வேண்டும்.

"உங்க வீட்ல வயித்து வலி வந்தாக்கூட என்கிட்ட அனுமதி வாங்கிட்டுதான் போகணும்" என்பாள் காஜா அக்கா.

வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. தெருவில் அவருக்கு ஸ்பேனர் சார் என்று பெயர். அது கேலி என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார்.

ஷெட்டின் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து ஆணி வைத்திருந்தார். எந்த ஆணியில் எந்தக் கருவி என்று தெரிய, ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்புப் பெயின்டில் வரைந்திருந்தார். வரைந்ததோடு பாதிக் கருவிகள் ஆணிக்குத் திரும்பவே இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை டெய்லரம்மா அரிசி டப்பாவிலிருந்து எடுத்தாள். ஒரு ரெஞ்சு அவருடைய தலையணைக்கு அடியில் இருந்தது. அதை எதற்கு அங்கே வைத்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் பயம்.

வேலைக்கு இறங்குவதற்கு முன் தோல் கையுறை, முழங்கால் உறை, நெற்றியில் விளக்கு என்று மாட்டிக்கொள்வார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன்கூட இவ்வளவு தயாராகப் போகமாட்டான். பிறகு செல்போனை ஒரு டப்பா மேல் சாய்த்துவைத்து, "நண்பர்களே, இன்னைக்கு நாம செயினை க்ளீன் பண்ணப் போறோம்" என்று ஆரம்பிப்பார். அந்த நண்பர்கள் யார் என்று, அவர் நெட்டில் ஏற்றிய வீடியோவை ஒருநாள் டெய்லரம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒரு கை விரலுக்குள் அடங்கியது. அதில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி, தூக்கம் வராத நாளில் போட்டுப் பார்ப்பானாம்.

மெக்கானிக்குகள் என்றாலே அவருக்கு இளப்பம். "அவனுங்களுக்கு ஓட வைக்கத்தான் தெரியும். அழகு தெரியாது" என்பார். டெய்லரம்மாவுக்கு வண்டி ஓடினாலே போதும், எந்த அழகும் வேண்டாம். ஓடினால்தானே ஷெட்டை விட்டு வெளியே போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அலுவலக நண்பர்கள் மூன்று பேர் வருவார்கள். டெய்லரம்மா அவர்களுக்கு ரசிகர் மன்றம் என்று பெயர் வைத்திருந்தாள். வண்டியைச் சுற்றி நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டிலில் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து உதட்டைப் பிதுக்குகிற டாக்டர் மாதிரியே முகம் இருக்கும். ஆனால் வாயிலிருந்து வருவது வேறு.

"பின்பக்க மட்காடை எடுத்துட்டீங்களே, அங்கதான் நிக்கறீங்க சார்" என்பார் ஒருவர்.

"சீட்டைச் சின்னதாக்கினா இன்னும் கம்பீரமா இருக்கும்" என்பார் இன்னொருவர்.

சீட் சின்னதானது. அடுத்த ஞாயிறு இன்னும் சின்னதானது. கடைசியில் ஒரு ஆள் உட்கார முக்கால் ஆளுக்குத்தான் இடமிருந்தது. 

"என்னை எங்க உக்கார வைப்பீங்க?" என்று டெய்லரம்மா கேட்டாள்.

"இது சிங்கிள் சீட் டிசைன். உனக்குப் புரியாது."

"புரியுது. நான் பஸ்லயே வர்றேன்."

இப்படியே போயிருக்கும். ஊருக்குள் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று யூனிஃபார்ம் தைக்க ஆள் தேடியதுதான் விஷயத்தைக் கிளப்பிவிட்டது. டெய்லரம்மா மாதிரிக்கு ஒரு சட்டையும் பாவாடையும் தைத்துக் கொடுத்திருந்தாள். பள்ளியின் நிர்வாகி அம்மா காலரைத் திருப்பிப் பார்த்தார், மடிப்பைப் பிரித்துப் பார்த்தார், பட்டனை இழுத்துப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்க வச்சுத் தைக்கறீங்க?" என்று கேட்டார்.

"வீட்லதான் மேடம்."

"வீட்லன்னா? தனி இடம் இருக்கா? போன தடவை ஒருத்தங்க படுக்கையறையில தச்சு, சட்டையெல்லாம் குழம்பு வாசனையோட வந்துச்சு. நான் வந்து இடத்தைப் பார்த்துட்டுத்தான் கொடுப்பேன்."

"தனி ஷெட் இருக்கு மேடம்" என்றாள் டெய்லரம்மா. பொய்யில்லை. ஷெட் இருக்கத்தான் செய்தது.

அன்று சாயங்காலம் அவள் ஷெட் வாசலில் போய் நின்றாள். வீட்டுக்காரர் வண்டியின் உடம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, புதன்கிழமை அந்த மேடம் வர்றாங்க. அதுக்குள்ள எனக்கு ஷெட் வேணும். இந்த ஆர்டர் கிடைச்சா இன்னொரு மெஷின் போடலாம். காஜா அக்காவும் நடையில உக்கார வேண்டாம். இல்லன்னா காலத்துக்கும் கட்டில் காலடிதான்."

அவர் நெற்றி விளக்கை அணைக்காமலே திரும்பினார். அவள் கண் கூசியது.

"செவ்வாய்க்கிழமை வண்டியை ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோறேன். இவ்வளவு மாத்தினதுக்கு அவங்க பார்த்து முத்திரை போடணும். போட்டதும் அப்படியே ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தறேன். ஷெட் உன்னுது. போதுமா?"

"போடாம விட்டா?"

"இந்த ஃபினிஷிங்கைப் பார்த்துட்டு ஒருத்தன் வேண்டாம்னு சொல்லுவானா? ஒரு வெல்டிங் தழும்பு காட்டு பார்க்கலாம். ஒரே வார்ப்புல ஊத்தின மாதிரி இருக்கும். தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே வழவழவென்றுதான் இருந்தது. நல்ல சாட்டின் துணி மாதிரி விரல் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு பொறுமை இருக்கிற மனுஷன் ஒரு தடவை அந்த ஒழுகுகிற பாத்ரூம் குழாயைப் பார்த்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய தம்பி தன் லோடு வேனைக் கொண்டுவந்தான். வண்டியை ஓட்டிப் போனால் பெயின்டில் தூசி படிந்துவிடும் என்று ஸ்பேனர் சார் அதைப் போர்வையில் சுற்றி ஏற்றச் சொன்னார். டெய்லரம்மாவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் வந்து சொல்லப்போகிற கதையை நம்புவதைவிடக் கண்ணால் பார்ப்பது சுலபம்.

"மாமா, போர்வை போதுமா, தலையணை வேணுமா?" என்று தம்பி கேட்டான்.

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு மாப்ள."

ஆய்வு மைதானத்தில் வண்டியை இறக்கியதும் நாலைந்து பேர் கூடினார்கள். ஸ்பேனர் சார் போர்வையை மெதுவாக உருவினார். ஆய்வு அதிகாரி ஒரு தடவை சுற்றி வந்தார். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். இன்ஜின் நம்பரைப் படித்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு ஹேண்டிலுக்குக் கீழே, ஃப்ரேமின் கழுத்துப் பகுதியில் குனிந்தார். துணியால் துடைத்தார். அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். டார்ச் அடித்தார். கடைசியில் நகத்தால் சுரண்டினார்.

"சார், பெயின்ட்" என்றார் ஸ்பேனர் சார்.

"நம்பர் எங்க?"

"எந்த நம்பர்?"

"சேஸிஸ் நம்பர். இந்த இடத்துலதான் இரும்புல அடிச்சிருப்பாங்க. இங்க ஒண்ணையும் காணோமே."

ஸ்பேனர் சார் குனிந்தார். தன் முகம்தான் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு.

"அங்க... கொஞ்சம் மேடும் பள்ளமுமா இருந்துச்சு சார். மேல பழைய பெயின்ட், துரு. அசிங்கமா இருக்கேன்னு கிரைண்டர் போட்டு எடுத்துட்டேன். அப்புறம் பட்டி பார்த்து..."

"நீங்களேவா?"

"நானேதான்" என்றார். பழக்கதோஷத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டார்.

அதிகாரி அந்த இடத்தை விரலால் தடவிக் கொடுத்தார். "நல்ல வேலை. திருட்டு வண்டியில நம்பரை அழிச்சுக் கொண்டுவர்றவங்களைப் பார்த்திருக்கேன். அவங்களுக்குக்கூட இவ்வளவு சுத்தமா வராது."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். டெய்லரம்மாவின் தம்பி வானத்தில் ஏதோ பறப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்ஷூரன்ஸ்ல."

"அதுல என்ன?"

ஸ்பேனர் சார் இருமினார். டெய்லரம்மாதான் பதில் சொன்னாள். "விபத்து வண்டி ஃபைல் பார்க்கறார் சார். சேஸிஸ் நம்பர்ல ஒரு எழுத்து தேஞ்சிருந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவார். ரொம்பக் கண்டிப்பு."

"காகிதத்துல வர்றதைத்தான் பார்ப்பேன்" என்றார் அவர், தரையைப் பார்த்து. "வண்டியில அது எங்க இருக்கும்னு..."

அதிகாரி ஆர்.சி. புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்தார். "இந்த ஃப்ரேமை ரோட்டுல ஓட்ட முடியாது. முறையான ஆவணத்தோட வேற ஃப்ரேம் கொண்டு வாங்க, பார்க்கலாம். வண்டியை வந்த மாதிரியே ஏத்திக்கிட்டுப் போங்க. போர்வையும் இருக்கு."

வேன் வீட்டுக்குத் திரும்பியது. தம்பி சிரிப்பை அடக்கிய அடக்கில் ஸ்டீயரிங்கே ஆடியது. டெய்லரம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்த கையுறையை விரல் விரலாக நீவிக்கொண்டிருந்தார். பாவமாக வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"அந்த ஆளுக்கு வெறும் நம்பர்தான் தெரியுது. ரசனை இல்ல. இதைப் போய் ஓட்டற வண்டியா பார்க்கறான். இது வண்டியே இல்ல, ஒரு கலைப்படைப்பு."

"அப்படியா?" என்றாள் டெய்லரம்மா.

"பின்ன? சரி, வேற ஃப்ரேம் ஒண்ணு தேடணும். அதை முதல்ல இருந்து தேய்க்கணும். இன்னும் கொஞ்ச நாள் ஷெட்..."

அவளுக்கு எதிர்வீட்டுக் குழந்தை கல்லூரிக்குப் போவது கண்ணில் தெரிந்தது.

"தம்பி, வேனை ஷெட்டுப் பக்கம் விடாத. வாசப்படியை ஒட்டி நிறுத்து" என்றாள்.

"ஏன்க்கா?"

"ஹால்ல இறக்கணும்."

"ஹால்லயா?" ஸ்பேனர் சார் திரும்பினார். "ஹால்ல யாராவது பைக்கை வைப்பாங்களா?"

"பைக்கை வைக்க மாட்டாங்க. கலைப்படைப்பை அங்கதான் வைப்பாங்க. அதைப் போய் ஷெட்டுல போட்டுப் பூட்டினா நாலு பேர் எப்படிப் பார்க்கறது?"

ஸ்பேனர் சார் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? ஓட்டுகிற வண்டிதான் என்றால் ஓட்ட முடியாது. கலை என்றால் ஹாலுக்குத்தான் வர வேண்டும். இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து முடிப்பதற்குள் வேன் வாசலில் நின்றுவிட்டது. காஜா அக்கா ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டு கை கொடுக்க வந்தாள். பெட்ரோலை வடித்தார்கள். சக்கரத்தைத் துடைத்து, சோபாவை நகர்த்தி, டிவிக்குப் பக்கத்தில் பழைய படுக்கை விரிப்பின் மேல் வண்டியை நிறுத்தினார்கள். ஹால் பாதியாகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்தால் டிவியில் பேசுகிறவரின் ஒரு காது தெரியாது. காதில்லாமல் பார்த்துக்கொள்வது என்று டெய்லரம்மா முடிவு செய்தாள்.

விளக்கு வைப்பதற்குள் ஷெட்டைக் கழுவி, மெஷினையும் ஒரு மேசையையும் உள்ளே போட்டாகிவிட்டது. கிரைண்டரும் பட்டி டப்பாக்களும் கட்டிலுக்கு அடியில் போயின. பலகையில் ரெஞ்சு வரைந்திருந்த இடத்தில் பெரிய கத்தரிக்கோல் தொங்கியது.

"ரசிகர் மன்றம் ஞாயித்துக்கிழமை வந்தா?" என்றாள் காஜா அக்கா.

"வரட்டும். செருப்பைக் கழட்டிட்டு வந்து பார்க்கட்டும்."

புதன்கிழமை காலையில் தூறல். நிர்வாகி அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஷெட்டுக்குப் போனார். ஜன்னலைத் திறந்து மூடினார். மேசையை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.

"இது போதும். துணியை வெள்ளிக்கிழமை அனுப்பறேன்" என்றார்.

டெய்லரம்மா அவரைக் காபி குடிக்க ஹாலுக்கு அழைத்துவந்தாள். அங்கே ஸ்பேனர் சார் அலுவலகத்துக்குப் புறப்படாமல், மஞ்சள் துணியால் வண்டியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாராவது ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நிர்வாகி அம்மா சொட்டிக்கொண்டிருந்த குடையோடு நின்று, அதை வைக்க இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தார். பிறகு கையெட்டும் தூரத்தில் இருந்த ஹேண்டிலில் மாட்டினார்.

பெட்ரோல் டேங்க் மேல் தண்ணீர் வழிந்தது. ஸ்பேனர் சார் பதறிப்போய் மஞ்சள் துணியால் டேங்கைப் பொத்தினார்.

"ஐயோ, மாட்டலாமில்ல?" என்றார் நிர்வாகி அம்மா, அவர் முகத்தைப் பார்த்து.

"தாராளமா மாட்டுங்க மேடம்" என்றாள் டெய்லரம்மா, காபியை நீட்டியபடி. "வேற எதுக்கும் ஆகாது."