மாற்று வகுப்பு கிடையாது

அந்த வீட்டில் மாடிக்குப் போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒரே படிக்கட்டின் அடியில்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். வயலின் டீச்சருக்கு வயிற்றெரிச்சல் தொடங்குவதும் அங்கேதான். இடப்பக்கம் அவளுடைய மாணவர்களின் செருப்பு. வலப்பக்கம், மாடியில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் ஓரகத்தியின் மாணவர்களுடையது. வலப்பக்கம் நிரம்பி வாசல் கேட்டுவரை போகும். இடப்பக்கத்தில் தெருநாய் ஒன்று காலை நீட்டிப் படுத்துத் தூங்கும் அளவுக்கு இடம் இருந்தது. அது தினமும் வந்து தூங்கவும் செய்தது.

பிள்ளைகள் வைத்த பெயர் வேறு. மாடியில் இருப்பவள் மேல் டீச்சராம், இவள் கீழ் டீச்சராம். இந்த வீட்டுக்கு முதலில் மருமகளாக வந்தவள் இவள். முதலில் பாடம் எடுக்கத் தொடங்கியதும் இவள். ஓரகத்தி கீபோர்டைப் பெட்டியிலிருந்து பிரித்தபோது ஒயரை எங்கே செருகுவது என்று காட்டிக்கொடுத்தவள்கூட இவள்தான்.

மாடிக் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: 'வராத வகுப்பு போனது போனதுதான். மாற்று வகுப்பு கிடையாது.' அதற்குப் பயந்து ஜுரம் அடிக்கிற பிள்ளையைக்கூடத் தலையில் துண்டைச் சுற்றிக் கூட்டிவருகிறார்கள். கீழே கதையே வேறு. நீச்சல் இருக்கிறது, பிறந்தநாள் விழா இருக்கிறது, பையன் தூங்கிவிட்டான் என்று எதையாவது சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கிழமை வரலாமா டீச்சர்?" என்பார்கள். இவளும் "அதனாலென்ன, வரட்டும்" என்பாள். இதனால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கியும் மூட முடியாத கடை மாதிரி ஆகிவிட்டது.

"உன் வாயில எல்லா வார்த்தையும் வருது. 'முடியாது'ங்கிறது மட்டும் வர மாட்டேங்குது" என்றார் கணவர்.

"உங்ககிட்ட நல்லாத்தானே வருது?"

"அதான் சொல்றேன். அதுல கொஞ்சம் வெளியிலயும் செலவழி."

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருந்திருப்பாள். சிட்டுவின் விஷயம்தான் பொறுக்க முடியாததாகிவிட்டது.

சிட்டு மருந்துக்கடைக்கார அம்மாவின் மகள். டீச்சரிடம் இதுவரை வந்தவர்களிலேயே கை சுத்தமானவள் அவள்தான். வில்லைத் தந்தியில் வைத்தாலே அறையில் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவள் இருக்கும்வரை கீழ் டீச்சர் என்ற பெயர்கூட அவ்வளவாகக் குத்தாது. ஆனால் கொஞ்ச நாளாகவே வியாழக்கிழமை வகுப்பில் அவளைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்து நிற்பாள். ஏன் வரவில்லை என்றால், "முடியல டீச்சர்." சரி, ஞாயிறு வா என்று டீச்சரும் பிள்ளையிடமே சொல்லி அனுப்பிவிடுவாள். பெற்றோருக்கு போன் செய்து, உங்கள் பெண் வரவில்லையே என்று கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. கேட்டால் குறை சொல்வதாக நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பாடத்தைத் தொடங்கலாம் என்று டீச்சர் தாளைப் பிரித்தாள். சிட்டு தாளைப் பார்க்காமலே அதை வாசித்து முடித்தாள். வியாழனன்று பையன்களிடம் 'இங்கே மூச்சு விட்டுட்டுப் போங்க' என்று டீச்சர் தொண்டை வறளச் சொன்ன இடத்தில், சரியாக நிறுத்திவிட்டுப் போனாள்.

"யாருடி சொல்லிக்கொடுத்தா?"

சிட்டு ஏற்கெனவே பிசின் போட்ட வில்லுக்கு மறுபடியும் பிசின் தேய்த்தாள்.

டீச்சருக்கு வியாழக்கிழமை கண்ட செருப்பு நினைவுக்கு வந்தது. நீல நிறம், அறுந்த வாரைச் சிவப்பு நூலால் கட்டியது. அதை வலப்பக்கக் குவியலில் பார்த்தபோது, வேறு யாருடையதாவது இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். சிட்டுவின் தம்பி சில மாதங்களாக மாடிக்குத்தான் போகிறான். அக்காவும் அவன் பின்னாலேயே ஏறிவிட்டாள் போலிருக்கிறது. இவள் பாடத்தை அங்கே ஓரகத்தி கீபோர்டில் தட்டிக் காட்டியிருக்கிறாள். எத்தனை செருப்பு வேண்டுமானாலும் அவள் வைத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு ஜோடியையுமா?

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விதிமுறை எழுதத் தொடங்கினாள். 'அன்புள்ள பெற்றோர்களே, தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று ஆரம்பித்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"இது விதியா, லீவ் லெட்டரா?"

அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். எவ்வளவு யோசித்தாலும் மாடிக் கதவில் இருந்த வாக்கியமே பேனாவில் வந்து நின்றது. அதை எழுதத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை, அதைவிட நல்லதாக ஒன்றும் தோன்றவும் இல்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே போட்டாள்: 'மாற்று வகுப்பு கிடையாது.' மாடியை விடத் தான் கண்டிப்பு என்று காட்ட இன்னொன்றையும் சேர்த்தாள்: 'வேறு ஆசிரியரிடமும் கற்கும் மாணவர்களுக்கு இங்கே இடமில்லை.' படித்துப் பார்த்தாள். சரிதானா என்று சந்தேகம் வருவதற்குள் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

பெரிய கலவரம் வெடிக்கும் என்று எதிர்பார்த்தாள். நீச்சலுக்குப் போகும் பையனின் அம்மா 'ஓகே டீச்சர்' என்றாள். இன்னொரு பையனின் அப்பாவான பல் டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைச் சும்மாவா தொலைத்தோம் என்று அவள் நொந்துகொண்டிருக்கும்போதே மருந்துக்கடை அம்மா கூப்பிட்டாள்.

"டீச்சர், மெசேஜ் பார்த்தேன். இது நமக்கில்லையே? எங்க பொண்ணு ஒரு வியாழக்கிழமைகூட விட்டதில்ல. நானே ரெண்டு பேரையும் கேட்டுல இறக்கி விட்டுட்டுத்தானே கடைக்குப் போறேன்?"

டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நீங்க பாவம், ஞாயித்துக்கிழமை வேற தனியா கூப்பிட்டு எக்ஸ்ட்ரா கிளாஸ் எடுக்குறீங்க. நன்றி சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேன். அந்த 'வேறு ஆசிரியர்'னு போட்டிருக்கீங்களே, அது சின்னவன் மாடிக்குப் போறதுக்கா?"

"ஐயோ, இல்லம்மா. அது... பொதுவாப் போட்டது."

போனை வைத்தாள். முதல் தடவை வராதபோதே ஒரு வார்த்தை போனில் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது என்ன சொல்வது? வாசல் கேட்டு வரைக்கும் சிட்டு வருகிறாள், அதன் பிறகு மாடிக்குப் போகிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் மறுபேச்சு என்று முடிவு செய்தாள்.

அடுத்த வியாழக்கிழமை நீச்சல் பையனும் பல் டாக்டரின் மகனும் மட்டும் வந்தார்கள். மாடிச் சத்தம் கேட்கக் கூடாதென்று டீச்சர் வழக்கம்போல் கதவைச் சாத்தினாள். பாதி வகுப்பில் வில்லைக் கீழே வைத்தாள்.

"நீங்க வாசிச்சுட்டே இருங்க. நிறுத்தினா எனக்குக் கேக்கும்."

வெளியே வந்து செருப்புக் குவியலைப் பார்த்தாள். சிவப்பு நூல், வலப்பக்கம். ஓரகத்தியிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே தடதடவென்று படியேறினாள். 'வளர்த்துவிட்டவ நான், வாசிக்க வைக்கிறது நீயா' என்று தொடங்குவதாக இருந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது.

சிட்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். வயலின் பெட்டி மடியில் இருந்தது. வலது முன்கையைத் தந்திகளாக்கி அதன் மேல் இடது கை விரல்களை அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். கீழே நீச்சல் பையன் பிசிறடித்தபோது முகத்தைச் சுளித்து, "கீழ பிடிடா, இன்னும் கீழ" என்று முணுமுணுத்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

தூக்கிவாரிப் போட்டதில் பெட்டி ஒரு படி சறுக்கியது.

"டீச்சர், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"மேல போய்க் கத்துக்கறியா?"

"மேலயா? அங்க எதுக்கு? அங்க ஒரே டொய்ங் டொய்ங்."

டீச்சர் காதில் தேன் பாய்ந்தது. ஆனாலும் குரலை இறக்கவில்லை. "அப்ப உள்ள வராம இங்க ஏன் உக்காந்திருக்க?"

சிட்டு கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வியாழக்கிழமை நீங்க அவனுங்க ரெண்டு பேரையும்தான் பாக்குறீங்க. கையப் புடிச்சு வில்லைத் திருப்புறீங்க. நான் சரியா வாசிச்சா 'ம்'னுட்டு அங்க போயிடுறீங்க. ஞாயித்துக்கிழமைன்னா நான் மட்டும்தான்."

டீச்சர் சறுக்கிய பெட்டியை எடுத்து மேல்படியில் வைத்தாள்.

"ஒருநாள் தப்பா வாசிச்சுக்கூடப் பாத்தேன் டீச்சர். வரல. கை அதுவாச் சரியான எடத்துக்குப் போயிடுது."

மேலே கதவு திறந்தது. ஓரகத்தி தலையை நீட்டினாள்.

"அக்கா! அதிசயமா படியேறியிருக்கீங்க? ஓ, இவளுக்காகவா? நானும் உள்ள வந்து உக்காருன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். ஃபேன் இருக்குன்னேன், பிஸ்கட் இருக்குன்னேன். உள்ள வந்தா உங்க வயலின் கேக்காதாம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் உக்கார வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்." ஓரகத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "நான் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன், அதுக்குப் பயந்து வர்றாங்க. படியில உக்காந்து கேக்க எனக்கு யாரு இருக்கா?" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

இதற்கெல்லாம் சந்தோஷப்படக் கூடாது என்று டீச்சருக்குத் தோன்றியது. பட்டாள்.

வகுப்பு முடிந்ததும் சிட்டு கண்ணால் கெஞ்சக் கெஞ்ச, அவள் எதிரிலேயே மருந்துக்கடைக்கு போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். "முதல் வாரமே உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு" என்றாள்.

எதிர்முனையில் மாத்திரை அட்டையை வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "படியிலயா? வீட்டுக்கு வரட்டும், பேசிக்கறேன். ஆனா டீச்சர், அவளுக்கு ஞாயித்துக்கிழமைதான் புடிக்குதுன்னா அதையே வெச்சுக்கலாமே?"

டீச்சர் சிட்டுவைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் விளக்குப் போட்டது போலிருந்தது. அவளை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள டீச்சருக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் நீச்சல் பையனின் அம்மா கேட்டால்? மாடியில் கேட்டால்?

"முடியாதும்மா. வியாழக்கிழமை உள்ள வந்து உக்காரட்டும்."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்" என்று அந்த அம்மா வைத்துவிட்டாள். சிட்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றிரவே டீச்சர் குழுவில் திருத்தி அனுப்பினாள். வேறு ஆசிரியர் பற்றிய வரியை எடுத்துவிட்டாள். புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்: 'பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் அன்றே வீட்டுக்கு போன் செய்வேன்.' அது யார் கதவிலும் இல்லாத வாக்கியம்.

மருந்துக்கடையிலிருந்து மட்டும் பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு 'முடியாது'க்கு இவ்வளவு விலையா என்று கணவரைக் கேட்டாள். "எனக்குத் தினமும் இலவசமா கெடைக்குது" என்றார் அவர்.

வியாழக்கிழமை கதவைத் திறந்தபோது கண் தானாகக் கீழே போனது. நீல நிறச் செருப்பு, சிவப்பு நூல், இடப்பக்கம். சிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய், டீச்சரின் நாற்காலியை ஒட்டித் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீச்சர், அவள் வாசிக்கும்போது 'ம்' என்று விட்டுவிடாமல், "அந்தக் கடைசி எடத்தை இன்னொரு தடவை வாசி, கேக்கணும்" என்று சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் நாயைக் கவனித்தாள். இன்று அது வலப்பக்கம் நகர்ந்து, மாடிக்குப் போன யாருடைய செருப்பையோ நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

விரட்ட வேண்டும்தான். முதலில் சிட்டுவின் வில்லுக்குப் பிசின் தேய்த்துவிட்டு வரலாம் என்று டீச்சர் உள்ளே போனாள்.