மூன்றாம் நாள் அருள்

அய்யாவுக்குச் சாமி வந்தபோது கலைச்செல்வி ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்து, தாலிச்சரட்டில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குதிகால் கொப்புளத்தைக் குத்திக்கொண்டிருந்தாள். குலவைச் சத்தம் கேட்டும் தலையை நிமிர்த்தவில்லை. மூன்றாம் நாள் காலை, கீழக்கரை தாண்டி, வேப்பமரத்தடிப் பிள்ளையார் முன்னால். வர வேண்டிய இடத்தில் வர வேண்டிய நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. பஸ்கூட இந்தத் தடத்தில் இவ்வளவு சரியாக வராது.

நயினார்கோவில் பக்கத்திலிருந்து மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் நடக்கிற கூட்டம் அது. பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக எழுபது பேர். முன்னால் ஒரு லோடு ஆட்டோ, அதில் வேல், மைக் செட்டு, அரிசி மூட்டை. ஆட்டோவின் நெற்றியில் ஒரு பேனர். பேனரில் முருகன் தபால்தலை அளவு, குழுத் தலைவர் பாண்டித்துரை கதவு அளவு. நடுவில் ‘பாதயாத்திரைச் செம்மல்’ குருசாமி பொன்னுச்சாமி, அதாவது கலைச்செல்வியைப் பெற்ற அய்யா. செம்மல் பட்டத்தை அய்யாவுக்குக் கொடுத்தவர் பாண்டித்துரை. ‘ஆன்மிகச் சுடர்’ பட்டத்தைப் பாண்டித்துரைக்குக் கொடுத்தவர் அய்யா. இருவருக்கும் நட்டமில்லை.

அய்யாவின் அருள் எப்படிப்பட்டது என்று கலைச்செல்விக்குப் பதின்மூன்று வயதிலேயே தெரியும். அய்யா குருசாமியான முதல் வருஷம் அது. இதே மரத்தடியில் அவர் கண்ணை உருட்டிக்கொண்டு குதித்ததைப் பார்த்து அவள் பயந்து அலறினாள். குதிக்கிற குதியிலேயே அவர் அவள் பக்கம் திரும்பினார். வாயின் இடது ஓரத்தை மட்டும் மேலே இழுத்து, அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோணச் சிரிப்புச் சிரித்தார். ஒரே நொடி. மறுபடி சாமியாகிவிட்டார். அவள் அழுகை நின்றுபோயிற்று.

அதற்கப்புறம் வருஷா வருஷம் ஊருக்கெல்லாம் குறி, அவளுக்கு ஒரு சிரிப்பு. வீட்டில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு கல்யாணம், பிள்ளைகள், சத்துணவுக்கூட வேலை. பதினெட்டு வருஷம் அவள் நடக்க வரவில்லை. இந்த வருஷம் அம்மா நாகலெட்சுமி பிடித்துத் தள்ளிவிட்டாள். “ஒங்கய்யாவுக்குப் பிரசர் எறங்கவே மாட்டேங்குது. நீ கூடப் போயி மாத்திரயக் குடுத்து முழுங்க வையி. வெரதத்துல இங்கிலீசு மருந்து ஆகாதும்பாரு. விட்றாத.”

மூன்று நாளும் காலையில் மாத்திரையைக் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். போதாததற்கு, “போதுமா தாயி?” என்று வாயைத் திறந்தும் காட்டினார்.

அவள் கொப்புளத்தைத் துடைத்துவிட்டு எழுந்தாள். சிரிப்பை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாரா பார்ப்போம் என்றுதான் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

அய்யா குதிக்கவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். கைத்தடி தள்ளிக் கிடந்தது.

“இந்த வருசம் சாமி உக்காந்துருச்சு! உக்காந்த அருளு ரொம்ப விசேசம்!” பாண்டித்துரை மைக்கில் முழங்கினார். “சாமிமாருக அஞ்சடி தள்ளி நில்லுங்க! யாரும் தொடப்பிடாது! சாமி மலையேறட்டும்!”

தொடக் கூடாது என்பது அய்யாவே போட்ட சட்டம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்தர் உணர்ச்சிவசப்பட்டு அவரைக் கட்டிப்பிடிக்க, மடியிலிருந்த செல்போன் சினிமாப் பாட்டோடு அடித்துவிட்டது. அன்றிலிருந்து சூடம் காட்டிச் சாமி மலையேறும்வரை குருசாமியை ஒருவரும் தொடக் கூடாது.

முதுகுளத்தூர்க்காரி ஒருத்தி முந்தானையை விரித்து மண்டியிட்டாள். “எம் மகனுக்கு வேல கெடைக்குமா சாமி?”

அய்யாவின் வாயிலிருந்து எச்சிலும் சத்தமும் கலந்து ஏதோ வந்தது. பாண்டித்துரை மைக்கில் பொழிப்புரை சொன்னார்: “கெடைக்கும்ங்கிறாரு. ஆவணியில.”

கூட்டம் அரோகரா போட்டது. பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் உயர்ந்தன. அய்யா தலையை மெல்லத் திருப்பினார். மகள் நின்ற பக்கம் முகம் வந்தது. வாயின் இடது ஓரம் மேலே ஏறியது.

மறக்கவில்லை. பதினெட்டு வருஷம் கழித்தும் மனுஷன் மறக்கவில்லை. கலைச்செல்வியும் இடது ஓரத்தைத் தூக்கி அப்படியே பதிலுக்குச் சிரித்தாள்.

அய்யாவின் சிரிப்பு ஒரு நொடிச் சிரிப்பு. இது இறங்கவில்லை. அவள் தன் சிரிப்பை முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அவருடையது அப்படியே நின்றது. வலது கை யாருடையதோ போல மடியில் கிடந்தது. பச்சை வேட்டி ஈரமாகிக்கொண்டே வந்தது.

“அய்யா!” என்று பாய்ந்தவளைப் பாண்டித்துரை குறுக்கே கை நீட்டி மறித்தார்.

“தங்கச்சி, தொடாத. சாமி இன்னும் மலையேறல.”

“அண்ணே, இது சாமி இல்லண்ணே.”

“என்ன பேசுற? சாமி இல்லாமப் பெறகு என்ன?”

“அய்யாவுக்குச் சாமி வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ணே.”

“ஒனக்கு மட்டுமா தெரியும்? இருவத்தெட்டு வருசமா நாங்களும் பாத்துக்கிட்டுத்தான வாரோம்.”

அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றுதான் இருந்தது. இருபத்தெட்டு வருஷமும் வந்தது சாமியில்லை, அதனால்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. சொன்னால் வழி விடுவார்கள். சொல்லிவிட்டால் அய்யா பிழைத்து எழுந்து எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பார்? எழுபது பேரும் அவளையே பார்த்தார்கள். வாய் திறந்தது. “தண்ணியாவது குடுக்கலாம்ணே” என்றாள்.

“சூடம் அமந்ததும் குடுப்போம்.” தட்டில் இன்னும் இரண்டு கட்டி சூடம் விழுந்தது.

கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டதால் நின்ற வண்டிகளில் ஒரு ஸ்கூட்டியும் இருந்தது. வெள்ளைக் கோட்டை மடித்து முன்கூடையில் வைத்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். கீழக்கரையைச் சேர்ந்த மாஷிதா, நர்ஸ், டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவள். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவளிடம் ஒருவர், “செருப்பு, செருப்பு” என்றார். கழற்றினாள். “சாமி வந்திருக்கும்மா, தொடக்கூடாது” என்றார் இன்னொருவர். அதை அவள் காதில் வாங்கவில்லை. நேரே போய் அய்யாவின் இரண்டு கைகளையும் தூக்கி விட்டாள். இடது கை நின்றது. வலது கை தொப்பென்று விழுந்தது.

“இவரு கூட வந்தவுக யாரு?”

“மக” என்றாள் கலைச்செல்வி.

“யக்கா, இது பக்கவாதம். வாய் இழுத்திருக்கு பாருங்க. எப்ப ஆரம்பிச்சுச்சு?”

பாண்டித்துரை மைக்கை வாயருகே வைத்தபடியே, “சாமி எறங்குனது ஒம்போது பத்துக்கு” என்றார். நான்கு திசைக்கும் கேட்டது.

மாஷிதா மணியைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். “மொதல்ல அந்த மைக்க அமத்துங்கண்ணே” என்றாள். “நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க.”

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட்டார்கள்.

ஆம்புலன்ஸில் அய்யாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் இடது கை எதையோ தேடியது. அவள் தன் கையைக் கொடுத்தாள். பிடித்தார். ராமநாதபுரம் பாதி தூரம் இருக்கும்போது பிடி தளர்ந்தது. அவள்தான் அதற்கப்புறம் பிடித்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். எப்போது ஆரம்பித்தது? பின்னாலேயே காரில் வந்திருந்த பாண்டித்துரை, “வீடியோவே இருக்கு சார், நல்ல கிளியரா” என்று நீட்டினார். டாக்டர் முழுவதும் பார்த்தார். குலவை, அரோகரா, ஆவணியில வேலை, எல்லாம் அந்த வராந்தாவில் கேட்டது. ஓரிடத்தில் நிறுத்தி, திரையையும் கலைச்செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மூளைக்குள் ரத்தக் கசிவு, பெரிசு, என்றார். முன்கூட்டியே கொண்டுவந்திருந்தால் என்று கேட்க அவள் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. அய்யாவின் இடுப்புப் பச்சை பெல்ட்டை ஒரு ஆயா அவளிடம் கொடுத்தாள். அதிலிருந்த பையைத் திறந்தாள். விபூதிப் பொட்டலம், செல்போன், காகிதத்தில் மடித்த மூன்று மாத்திரைகள். ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தன. அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். யாரும் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

“எந்த ஊருல இருக்கீக? வெயிலு கொல்லுதே. அய்யா மாத்திர போட்டாரா?”

“கையிலதாம்மா இருக்கு” என்றாள் கலைச்செல்வி. போனைப் பாண்டித்துரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வீட்டு முன்னால் ஊரே திரண்டிருந்தது. நாடிக்கட்டை எவ்வளவு இறுக்கிக் கட்டியும் வாய் நேராகவில்லை. “சிரிச்ச மொகமாவே போயிட்டாரு பாரு” என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் மாலையைப் போட்டார்கள். வீடியோ அய்யாவுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. கட்டிலைச் சுற்றி அழுத பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே அதைப் பார்த்தார்கள். பாண்டித்துரை கலைச்செல்வியிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“தங்கச்சி, நேத்து ஒன்னய மறிச்சேன், மனசுல வச்சுக்கிறாத. வீடியோவுல பாத்தேன். அப்பனுக்குச் சாமி வந்து நிக்கிறப்ப மக சிரிச்சுக்கிட்டு நிக்கிறே. ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அவரு முருகன்கிட்டப் போகப் போறாருன்னு. இந்தக் கொடுப்பின யாருக்கு வாய்க்கும்?”

உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதனால் அவளால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

பாடைத் தேர் கிளம்பியது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். முனை வந்ததும் எல்லோரும் திரும்பினார்கள், குளிக்க வேண்டும். கலைச்செல்விக்குக் குதிகால் எரிந்தது. கொஞ்சம் நின்றாள். வேட்டுச் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது.

தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘பாதயாத்திரைச் செம்மலுக்குக் கண்ணீர் அஞ்சலி.’ வீடியோவிலிருந்து எடுத்த படம். அய்யா ஆளுயரத்துக்கு மேல் உட்கார்ந்து, வாயின் இடது ஓரத்தைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் கைகுவித்த பாண்டித்துரை. கீழ் மூலையில், தபால்தலை அளவில், கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள் கலைச்செல்வி. அந்த மூலைக்கயிறு அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். தாலிச்சரட்டிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். அடித்துக்கொண்டிருந்த மூலையைப் பிடித்து, தன் முகம் உள்ளே போகும்படி மடித்தாள். பிளெக்ஸ் தடிமனாக இருந்தது. முதல் தடவை ஊக்கு விரலில் ஏறியது. இரண்டாவது தடவை அழுத்திக் குத்தி, பூட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள்.