பல் டாக்டரின் பிரேசில்

பல் டாக்டர் பிரேசிலுக்குப் போனதில்லை. விமானம் மாறுவதற்குக்கூட அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. ஆனால் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாரென்றால், நேற்றுதான் அங்கிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர் மாதிரி பேசுவார். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பவர்களிடமே ஆயுள் முழுக்கப் பேசிப் பழகியவர். எதிரில் இருப்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை.

பிரேசில் பாட்டுகள் வாசிக்கும் அவருடைய ஜாஸ் குழுவில் மருந்துக்கடைக்காரன் ஒருவனுக்கு ஒரே வேலை, குயீக்கா என்ற அந்த ஊர் வாத்தியத்தை வாசிப்பது. பார்த்தால் சின்ன மத்தளம்; உள்ளே தோலோடு சேர்த்துக் கட்டிய ஒரு குச்சி. கையை உள்ளே விட்டு ஈரத்துணியால் அந்தக் குச்சியை உருவினால், வாலை மிதித்த பூனை போலக் கத்தும். கை பழகினவன் உருவினால் அதே பூனை பாடும். அவன் வருஷக்கணக்கில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பழகியிருந்தான்.

கடைசிப் பாட்டின் நடுவே அவனுக்கென்று அரை நிமிடம் உண்டு. உண்டு என்று பேர். கச்சேரிதோறும் டாக்டரின் பேச்சு நீண்டுகொண்டே போகும். மண்டப மேனேஜர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். உடனே டாக்டர் பின்னால் திரும்பி, "குயீக்கா வேணாம், நேரமில்ல" என்பார்.

இந்த முறை மருந்துக்கடைக்காரனின் மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள்.

"இன்னிக்கு நான் அதை மேடையில கேக்கணும். அங்கயும் கேக்கலன்னா அது எதுக்கு நம்ம வீட்ல? உங்க தம்பி பசங்க உதைச்சு விளையாடட்டும்."

டாக்டர் பேசினார். கடற்கரை, காற்று, அந்த மக்களின் ஏக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. மருந்துக்கடைக்காரனுக்குத் துணி காய்ந்துவிடுமோ என்று பயம். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க லேசாக ஓர் இழுப்பு இழுத்தான்.

"அந்த ஏக்கம் இருக்கே, அது சாமானியமா நமக்குப் புரியாது," என்றார் டாக்டர்.

"ம்ஹீங்?" என்றது குயீக்கா.

சபை சிரித்தது. டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை அவன் கை தெரிந்தேதான் போனது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டரின் முகம் கறுத்தது. கைதட்டல் எழுந்ததும் பளிச்சென்று ஆனது. எல்லாம் தன் ஏற்பாடு என்பது போலக் குனிந்து வணங்கினார். அந்த அமளியில் நேரம் போய்விட்டது, அவனுடைய அரை நிமிடமும் போய்விட்டது.

"பிரமாதம்யா!" என்றார் டாக்டர், திரைக்குப் பின்னால். "இனிமே நான் பேசறப்ப பக்கத்துல உக்காந்து கீச்சு கீச்சுன்னு போடு. பாட்டுல உனக்கு வேலை வேணாம், அதை ஃப்ளூட் பாத்துக்கும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி, "சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது," என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா நான் கேக்க வந்தது அது இல்லையே. இன்னும் ஒரு தடவை பாக்கறேன்," என்றாள்.

அடுத்த கச்சேரியில் டாக்டர் அவனைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

"பிரேசில் மக்களுக்கு இசைன்னா மூச்சு," என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சபையும் காத்திருந்தது. மருந்துக்கடைக்காரன் துணியை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, பயபக்தியோடு அவர் வாயையே பார்த்தான்.

"அங்க கடல்கூடத் தாளத்துலதான் அடிக்கும்."

யாரோ இருமினார்கள். இத்தனை வருஷத்தில் டாக்டரின் பேச்சை டாக்டரே கேட்டது அன்றைக்குத்தான். கேட்கச் சகிக்கவில்லை போலும், காது மடல் சிவந்தது.

"போடுய்யா," என்று பல்லைக் கடித்தார்.

"துணி காஞ்சிருச்சு டாக்டர். பாட்டு ஆரம்பிச்சா நனைச்சுக்கறேன்."

வேறு வழியில்லாமல் டாக்டர் கிடாரை மீட்டினார். மேனேஜருக்கு அன்று கடிகாரத்தைத் தட்ட வேலையே இல்லை. கடைசிப் பாட்டின் நடுவே ஃப்ளூட்காரர் உதட்டருகே கொண்டுபோன ஃப்ளூட்டை இறக்கிவிட்டு, மருந்துக்கடைக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார்.

பூனை பாடியது. முன்வரிசையில் மனைவி சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி பசங்களுக்கு வேறு பந்துதான் வாங்கித் தர வேண்டும்.

கைதட்டல் அடங்குவதற்குள் டாக்டர் மைக்கைப் பிடித்துவிட்டார். "இந்த வாத்தியத்தைப் பத்தி நானே ஒரு வார்த்தை..."

மருந்துக்கடைக்காரன் கையை உள்ளே விட்டான். துணியில் இன்னும் ஈரம் இருந்தது.